டென்மார்க்கில் செம்பனார்கோயில்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் டென்மார்க்கில் ஆர்ஹூஸ் நகரத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் பல நாட்டுக்காரர்கள் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர் தன் நாட்டைப் பற்றியும் தனக்குப் பிடித்த இடத்தைப் பற்றியும் அரைமணி நேரம் பேசவேண்டும். போன வாரம் வியட்நாம் தோழி பேசினார். எல்லாருக்கும் தெரிந்த ஹா லாங் விரிகுடாவை விட்டுவிட்டு, மெகாங் ஆற்றுப் பக்கம் காய் ராங் என்ற படகுச் சந்தையைப் பற்றிச் சொன்னார். அருமையாக இருந்தது. அடுத்த மாதம் என் முறை. தாஜ்மகால், மீனாட்சியம்மன் கோயில், மாமல்லபுரம், ஊட்டி என்று படங்களை அடுக்கிப் பார்த்தேன். சுற்றுலாத் துறை காலண்டர் மாதிரி இருக்கிறது. என் ஊர் மயிலாடுதுறை பக்கம் செம்பனார்கோயில். அங்கே காட்டுவதற்கு என்ன இருக்கிறது? இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தியா வந்தால் எங்கே போகலாம் என்று கேட்பவர்கள், கூடவே கூட்டம், குப்பை, பெண்கள் தனியாக வரலாமா என்றும் கேட்கிறார்கள். எப்போதும் மழுப்பிவிடுகிறேன். நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?

கே., ஆர்ஹூஸ்

அன்புள்ள கே.,

தாஜ்மகாலை எடுத்துவிடுங்கள். ஊட்டியையும். அவை நல்ல இடங்கள்தான். ஆனால் தாஜ்மகாலைப் பற்றி உங்கள் டேனிஷ் நண்பர் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அவர் இணையத்தில் படித்ததைத்தான் நீங்களும் படித்திருப்பீர்கள். காய் ராங் பேச்சு உங்களுக்கு ஏன் பிடித்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சந்தையில் படகுகளில் உயரமான கழி நட்டிருப்பார்கள். அன்னாசி விற்கும் படகென்றால் கழி நுனியில் அன்னாசி தொங்கும், பூசணி என்றால் பூசணி. தூரத்தில் வருகிறவர் எந்தப் படகை நோக்கித் துடுப்புப் போடவேண்டும் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அங்கே வளர்ந்த குழந்தைக்கு இது பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்திருக்கும். இப்படித் தெரிந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது குரலே வேறு மாதிரி இருக்கும், கேட்பவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செம்பனார்கோயிலில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. நீங்கள் உட்கார்ந்திருப்பது டென்மார்க்கில். உங்கள் ஊரில் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினால், ஆக்கூர், திருக்கடையூர் தாண்டித் தரங்கம்பாடி. 225 வருடம் டென்மார்க் வசம் இருந்த ஊர். கோபன்ஹேகனில் இருக்கும் அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தில், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியானுக்குத் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இருக்கிறது. பனையோலை வடிவத்தில் அடித்த பொன் தகட்டில் எழுதியது. இந்த ஒரு செய்தியோடு பேச்சைத் தொடங்கினாலே போதும், யாரும் கைபேசியைப் பார்க்கமாட்டார்கள்.

1620இல் ஓவ ஜெடே என்ற தளபதி கப்பலில் வந்து, நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, கடலோரத்தில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். மிளகு வாங்குவதற்காக வந்தவர்கள். இடத்துக்கு நாயக்கருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டினார்கள். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். நீங்கள் விரிவாகச் சொல்லவேண்டியது எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்பவரின் கதையை. ஐரோப்பாவில் போர், டேனிஷ் வணிகக் கம்பெனியிடம் காசில்லை. 1640 வாக்கில் டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது நின்றுபோனது. ஏறக்குறைய முப்பது வருடம் ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்கள் காய்ச்சலில் செத்தார்கள், சிலர் ஓடிப்போனார்கள். 1655இல் கடைசியாக மிஞ்சியவர் இந்த எஸ்கில்ட். பிரபு வம்சம் கிடையாது, சாதாரண ஆள். அவர் உள்ளூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கோட்டையைக் காப்பாற்றினார், தஞ்சாவூர்ப் படை வந்தபோதும் விடவில்லை. 1669இல்தான் கோபன்ஹேகனிலிருந்து ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. வந்தவர்கள் பார்த்தால், கோட்டையில் டேனிஷ் கொடி இன்னும் பறக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் எஸ்கில்டைவிட, அவரோடு நின்ற அந்த உள்ளூர்க்காரர்கள்மேல்தான் கண். அத்தனை வருடம் அவருக்குச் சோறு போட்டவர்கள் யார்? சுவரில் காவல் நின்றவர்கள் யார்? அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. உங்கள் பேச்சில் இதையும் சொல்லுங்கள். அதேபோல, 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஊரில் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நட்பாகப் பேசுகிறோம் என்பதற்காக இதை விழுங்கவேண்டாம். உங்கள் நண்பர்களால் இதைக் கேட்டுக்கொள்ள முடியும்.

ஊர் எப்படி இருக்கிறது? நகர வாசலைத் தாண்டி நேராக நடந்தால் ராஜ வீதி. 1701இல் கட்டிய சீயோன் ஆலயம் ஒரு பக்கம், 1718இன் புதிய எருசலேம் ஆலயம் எதிர்ப்பக்கம். 1706இல் டென்மார்க் மன்னர் அனுப்பி வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் இந்தப் புதிய எருசலேம் ஆலயத்துக்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர் அவர். பிறகு அச்சுக்கூடம் வைத்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். வீதி முடிகிற இடத்தில் கோட்டை. கீழ்த்தளத்து வளைவுக்கூரை அறைகள் ஒரு காலத்தில் பண்டகசாலையும் சிறையுமாக இருந்தவை. நான் போன மதியத்தில் வெளியே நிற்க முடியாத வெயில், உள்ளே அந்தச் சுவரில் கை வைத்தால் சில்லென்று இருந்தது.

கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கருங்கல்லைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். இங்கே நிறுத்தி, டென்மார்க்கின் வடக்கிலிருந்து வந்தவர் யாராவது இருந்தால் ருப்யர்க் க்னூடெ கலங்கரை விளக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். அங்கேயும் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்து, கலங்கரை விளக்கம் விழுந்துவிடும் என்ற நிலை. 2019இல் கட்டிடத்தை அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி 70 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். அந்த ஊர்க்காரர் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பேசவிடுங்கள். 2004 சுனாமியில் தரங்கம்பாடி மீனவர் தெருக்கள் பட்ட பாட்டை அதற்குப் பிறகு நீங்கள் சொன்னால், அது வேறு மாதிரி அவர்கள் காதில் விழும்.

சரி, டேனிஷ்காரர்களுக்கு அவர்கள் பங்கைக் காட்டியாயிற்று. உங்கள் பங்கு வேண்டாமா? உங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட நாதஸ்வரப் பரம்பரை ஒன்று இருக்கிறது. ராமசாமி பிள்ளையில் தொடங்கி, செம்பனார்கோயில் சகோதரர்கள் வரை. நாதஸ்வரத்துக்கே உரிய வாசிப்பு முறையான ரக்தி மேளம் என்றாலே அவர்களைத்தான் சொல்வார்கள். மேற்கே போனால் நரசிங்கம்பேட்டை, நாதஸ்வரம் கடைகிற ஊர். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தை வாங்கிக் கடைவார்கள், வருடக்கணக்கில் காய்ந்த மரம்தான் வேண்டும். 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஐந்து நிமிடம் ஒரு ரக்தியை ஒலிக்கவிடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

அப்புறம் திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பதால், அறுபதும் எண்பதும் நிறைந்தவர்கள் அங்கே வந்து மறுபடியும் தாலி கட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நிற்க, தாத்தா வேட்டியைச் சரிசெய்துகொண்டே கை நடுங்கக் கட்டுவார். முகூர்த்த நாளில் பிராகாரத்தில் வரிசையாக இப்படிப் பல ஜோடிகள். டென்மார்க்கில் கல்யாணமாகி 25 வருடம் ஆனால், அக்கம்பக்கத்தார் வீட்டு வாசலில் பச்சை இலைகளால் வளைவு கட்டி, விடிகாலையில் வந்து பாடி அந்தத் தம்பதியை எழுப்புவார்கள். உங்கள் அலுவலகத்தில் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நம் மாவிலைத் தோரணத்தையும் விடிகாலை நாதஸ்வரத்தையும் அவர்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மயிலாடுதுறை துலாக் கட்டத்தை விடலாமா? ஐப்பசி முழுக்கக் காவிரியில் முழுக்கு. கடைசி நாள் கடைமுகம். தூரத்திலிருந்து நடக்க மாட்டாமல் வந்த முடவன் ஒருவன், ஐப்பசி முடிந்த பிறகு வந்து சேர்ந்தான். அவனுக்காக ஈசன் ஒரு நாள் கூட்டிக் கொடுத்தார் என்று கதை. அதனால் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு, இன்றைக்கும் நடக்கிறது. தாமதமாக வந்தவனுக்காக ஊரே ஒரு நாள் காத்திருக்கிற இந்தத் திருவிழாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இது உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் நடக்கிறது, கே. நீங்கள் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

உங்கள் வெள்ளிக்கிழமை ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டில்தான் 1949இல், உலகப்போர் முடிந்து நாலு வருடத்தில், பாப் லூயிட்வைலர் என்ற அமெரிக்கரும் அவருடைய நண்பர்களும் செர்வாஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். போருக்குப் போக மறுத்தவர் அவர். பயணி ஒருவர் முன்பின் தெரியாத வீட்டில் காசு கொடுக்காமல் இரண்டு நாள் தங்குவார். அந்த வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு அவர்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வார். இப்படிப் பழகினால் அடுத்த போருக்கு ஆள் கிடைக்காது என்று நம்பினார்கள். நானும் அதை நம்புகிறேன். அந்த அமைப்பு இன்றும் பல நாடுகளில் இயங்குகிறது.

கடைசியாக உங்கள் சங்கடம். மழுப்பாதீர்கள். பெண்கள் தனியாக வரலாமா என்று கேட்டால், வருகிறார்கள், ஆனால் வெறித்துப் பார்ப்பதும் கூட்டத்தில் உரசுவதும் நடக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். இரவில் புதிய ஊரில் போய் இறங்காமல் பகல் ரயிலில் வரச் சொல்லுங்கள். தங்குமிடத்தை முன்பே பதிவு செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் அக்கா தங்கை, அத்தை யாராவது ஊரில் கூட வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். கடற்கரையில் பிளாஸ்டிக் கிடக்கிறது, கிடக்கிறது என்றே சொல்லுங்கள். ஊரைக் குறை சொல்லிவிட்டோமே என்று நீங்கள் கூசவேண்டியதில்லை. மறைத்தால் வந்து இறங்கிய முதல் நாளே தெரிந்துவிடும், அப்புறம் நீங்கள் சொன்ன நல்லதையும் நம்பமாட்டார்கள்.

எங்கே போகலாம் என்பவர்களுக்குப் பத்து இடம் சொல்லாதீர்கள். சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் மயிலாடுதுறை, அங்கே நாலு நாள். தையும் மாசியும் நல்லது, வெயில் ஏறியிருக்காது. கடைமுகமும் முடவன் முழுக்கும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நவம்பர் நடுவில் வரலாம், ஆனால் அது அடைமழைக் காலம், புயலும் வரும், அதைச் சொல்லிவிடுங்கள். மதியம் உங்கள் வீட்டில் இலைச் சாப்பாடு போட அம்மாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். யாராவது உண்மையாகவே கிளம்பினால் எனக்கும் எழுதுங்கள், தரங்கம்பாடியில் கூட நடக்க நான் வருகிறேன்.

அன்புடன்.