மிரட்டி வாங்கின ராஜினாமா கடிதம் செல்லுமா?

தம்பி, நிலாவெளி ஹோட்டல்ல ஏழு வருசம் வேலை செஞ்ச உங்கள ரூமுக்குள்ள வச்சு, ஃபோனையும் வாங்கிட்டு, ஸ்டொக் குறையுது ராஜினாமா எழுதாட்டி பொலிசுக்குக் குடுப்பம் எண்டு மிரட்டி சைன் வாங்கினதா நீங்க எழுதினத வாசிக்கவே கோவமா வருது. சைன் வச்சிட்டன், இனி முடிஞ்சுது எண்டு மட்டும் நினைக்காதீங்க. பயத்தில குடுத்த சம்மதம் சம்மதமே இல்ல எண்டு வாதாடலாம், இலங்கையின்ட பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்திலயும் அதுக்கு இடம் இருக்கு.

நீங்க போக வேண்டியது தொழில் நியாய சபை, அதாவது வேலையால நிப்பாட்டினா வழக்குப் போடுற இடம், வேலை போன நாளில இருந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும், பிந்தினா கேஸே எடுபடாது. ஹோட்டல்காரர் "தானா விலகினார்" எண்டுதான் சொல்லுவாங்க, அப்ப மிரட்டினத நிரூபிக்கிற பாரம் உங்கட தலையில வரும். அதால நாளைக்கே நடந்தத திகதி, நேரம், ஆர் ஆர் இருந்தாங்க எண்டு எழுதி, இந்த ராஜினாமா என்ட விருப்பத்தில குடுத்தது இல்ல எண்டு முதலாளிக்குப் பதிவுத் தபால்ல அனுப்புங்க, கடிதக் கொப்பியும் தபால் துண்டும் பத்திரம். அண்டைக்கு இரவு வீட்டுக்கோ கூட்டாளிக்கோ அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தா அழிச்சிடாதீங்க, அதுதான் பெரிய சாட்சி.

பணிக்கொடை, அதாவது வேலைய விட்டுப் போகேக்க முதலாளி குடுக்க வேண்டிய காசு, தனி விசயம். பதினஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடம் எண்டா, அஞ்சு வருசம் தாண்டின உங்களுக்கு ராஜினாமா செஞ்சாலும் வருசத்துக்கு அரை மாசச் சம்பளம் வரணும். திருகோணமலை தொழில் திணைக்களக் கந்தோர்ல கேளுங்க. அதுவரைக்கும் "எல்லாக் கணக்கும் தீர்ந்தது" எண்டு எந்தப் பேப்பர நீட்டினாலும் சைன் வைக்காதீங்க.