வெளிமாநில டீலரிடம் பழைய கார்: பணம் எப்போது, எப்படி, யார் கணக்குக்கு? – கேள்வி பதில்

வங்கியின் வாகனக் கடன் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, உறவினர்களுக்காக டெல்லியிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் நான்கு கார்களை வாங்கிவந்து தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். எஞ்சினையும் டயரையும் பற்றி வந்த கேள்விகளை மெக்கானிக்குகளிடம் விட்டுவிட்டு, பணம் தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர்: ஐயா, டெல்லியில் உள்ள டீலர் ஒருவர் 2018ஆம் ஆண்டு டீசல் கார் ஒன்றுக்கு 5,40,000 ரூபாய் சொல்கிறார். மாலையில் வேறொருவர் பார்க்க வருவதால், இப்போதே 50,000 ரூபாய் டோக்கன் அனுப்பினால்தான் வண்டியை நிறுத்திவைக்க முடியும் என்கிறார். அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். மாலையில் வரப்போகிற அந்த வேறொருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார்; அவர் வந்து வண்டியை வாங்கிப் போனதாக மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை. விலை குறைவாக இருப்பதை வைத்தே மோசடி என்று முடிவுகட்டவும் வேண்டாம். தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. 2025இல் அதில் சில தளர்வுகள் வந்தாலும், வயதேறிய டீசல் கார்களுக்கு அங்கே மதிப்பு இறங்கியே இருக்கிறது. ஆகவே விலையில் நியாயம் இருக்கலாம். அவசரத்தில்தான் நியாயம் இல்லை.

டோக்கன் என்பது போனாலும் உங்கள் தூக்கம் கெடாத தொகையாக இருக்கட்டும். இந்த விலைக்கு 5,000 போதும், மிஞ்சினால் 10,000. அதையும் அனுப்புவதற்கு முன், ஆர்சியின் (பதிவுச் சான்று) இரு பக்கப் படத்தையும் வாங்கி மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும் என்றாலும், பதிவுத் தேதி, எரிபொருள், காப்பீடு, கடன் விவரம் ஆகியவற்றை ஆர்சியோடு ஒப்பிட்டுவிடலாம். பிறகு வீடியோ அழைப்பில், கடையின் பெயர்ப் பலகையில் தொடங்கி, இணைப்பைத் துண்டிக்காமல் வண்டிவரை நடந்துவந்து, சேஸிஸில் பொறித்திருக்கும் எண்ணை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வண்டி கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. வண்டியே இல்லாதவருக்கு அன்று பார்த்து நெட்வொர்க் கிடைக்காது.

வண்டி எண், சேஸிஸின் கடைசி ஐந்து எழுத்துகள், பேசிய விலை, எந்தத் தேதிவரை வண்டியை நிறுத்திவைப்பார், நேரில் பார்த்தபின் வேண்டாம் என்றால் பணம் திரும்புமா என்ற ஐந்தும் கடையின் ரசீதில் இருக்க வேண்டும். "டோக்கன் பெற்றுக்கொண்டேன்" என்ற ஒற்றை வரி வாட்ஸ்அப் செய்தி ரசீது ஆகாது.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்: பெங்களூரு டீலருக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறது, கடையும் இருக்கிறது. ஆனால் பணத்தைத் தன் மனைவியின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். நடப்புக் கணக்கில் ஏதோ சிக்கலாம். இது பரவாயில்லையா?

கூடாது. நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே விஷயம் இதுதான்: ஜிஎஸ்டி பதிவில் உள்ள பெயர், பணம் போகும் கணக்கின் பெயர், ரசீதில் உள்ள பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று விலகினாலும், நாளைக்கு வழக்கு என்று வந்தால் "அந்தப் பணம் எங்கள் கடைக்கு வரவே இல்லை" என்று அவர் சொல்ல நீங்களே வழிசெய்து கொடுத்தவர் ஆவீர்கள்.

ஜிஎஸ்டி எண்ணை வெறுமனே இருக்கிறது என்று விட்டுவிடாமல், எழுத்தெண்ணிப் படியுங்கள். மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும்: டெல்லிக்கு 07, கர்நாடகத்துக்கு 29, கேரளத்துக்கு 32, நமக்கு 33. பெங்களூருக் கடை என்று சொல்லிக்கொண்டு 07இல் தொடங்கும் எண்ணைக் காட்டினால் காரணம் கேட்க வேண்டும். அடுத்த பத்து இடங்களும் அவருடைய பான் எண். அந்தப் பானின் நான்காவது எழுத்து 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டாளிகள் சேர்ந்த நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. ஜிஎஸ்டி இணையதளத்தில் இந்த எண்ணைத் தேடினால் சட்டப்பூர்வப் பெயரும், வணிகப் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் இலவசமாகவே தெரிந்துவிடும்.

அடுத்தது கணக்கின் பெயர். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் பணம் வரவாவது கணக்கு எண்ணை மட்டும் வைத்துத்தான். நீங்கள் எழுதும் பெயரை வங்கி சரிபார்த்துப் பணத்தை நிறுத்தும் என்று நம்ப வேண்டாம். கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் இட்டவுடன் கணக்குக்காரரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. பயனாளியைச் சேர்க்கும்போது அந்தப் பெயரைப் பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள்.

இவ்வளவு சொல்கிற நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். அந்த வசதி வராத காலம். என் மைத்துனருக்காகப் பேசிய காருக்கு, வாட்ஸ்அப்பில் படமாக வந்த கணக்கு எண்ணுக்கு 25,000 ரூபாய் அனுப்பினேன். அது கடையின் கணக்கு அல்ல, அங்கே வேலை பார்த்த இளைஞர் ஒருவருடைய கணக்கு என்பது மறுவாரம் கடைக்குப் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அந்த இளைஞர் வேலையை விட்டுப் போயிருந்தார். கடை முதலாளி நல்லவராக இருந்ததால் நான்கு மாதம் அலைந்தபின் பணம் திரும்பியது.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு விவசாயி: ஆறு லட்சத்தையும் ரொக்கமாகக் கொண்டுவந்தால் இருபதாயிரம் குறைப்பதாக டீலர் சொல்கிறார். ரயிலில் எடுத்துப் போகலாமா? இல்லை, டிடி (வங்கி வரைவோலை) எடுப்பது நல்லதா?

ஒரே வியாபாரத்துக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கு 2017 முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. மீறிப் பெறுபவருக்கு, பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கலாம். அபராதம் அவருக்குத்தானே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த அபராதத்துக்குப் பயந்துதான் அவர் உங்களுக்கு முழுத் தொகைக்கு ரசீது தரமாட்டார். ஆறு லட்சம் கொடுத்துவிட்டு 1,90,000க்கு ரசீது வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். பிறகு தகராறு வந்தபோது அவர்களால் கேட்க முடிந்ததும் அந்தத் தொகையைத்தான். தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும் காலமாக இருந்துவிட்டால், பறக்கும் படையிடம் கணக்குச் சொல்லும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

டிடி நல்ல வழிதான். 2018 செப்டம்பர் முதல் டிடியை எடுத்தவரின் பெயரும் அதில் அச்சாகிறது. மூன்று மாதம் செல்லும். வண்டி பிடிக்காவிட்டால் திரும்பக் கொண்டுவந்து ரத்துசெய்துகொள்ளலாம். ஆனால் போலி டிடிகளுக்குப் பயந்து பல டீலர்கள், அது பணமாகும்வரை வண்டியை விடமாட்டார்கள். அதனால் நான் விரும்புவது, கடையில் உட்கார்ந்துகொண்டே செய்யும் ஆர்டிஜிஎஸ். குறைந்தபட்சத் தொகை 2 லட்சம். 2020 டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவிலும் இயங்குகிறது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள்: நெட் பேங்கிங்கில் ஒரு நாளைக்கான உச்சவரம்பை உயர்த்துங்கள், டீலரின் கணக்கைப் பயனாளியாகச் சேர்த்து ஒரு ரூபாய் அனுப்பி அவர் பெற்றதை உறுதிசெய்துகொள்ளுங்கள். புதிதாகச் சேர்த்த பயனாளிக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை. இது தெரியாமல் டெல்லியில் லாட்ஜ் வாடகை கொடுத்துக் காத்திருந்தவர்கள் உண்டு.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்: ஆர்சியில் எச்பி (வண்டி மீது கடன் இருப்பதற்கான குறிப்பு) இருக்கிறது. நாங்கள் முழுப் பணத்தையும் கொடுத்தால் அதைக் கொண்டு கடனை அடைத்துவிடுவதாக டீலர் சொல்கிறார்.

அடைப்பார் என்ற நம்பிக்கையில் கொடுக்காதீர்கள். கடனை முடிப்பதற்கான தொகை இன்ன தேதிவரை இவ்வளவு என்று கடன் கொடுத்த வங்கி எழுத்தில் தரும். அந்தத் தொகையை நேரே அந்தக் கடன் கணக்குக்கே கட்டுங்கள். மீதியை மட்டும் டீலருக்குக் கொடுங்கள். யாருக்காக, எந்த வண்டிக்காகக் கட்டினீர்கள் என்பதை டீலரின் ரசீதிலும் எழுதி வாங்குங்கள். வங்கி தரும் தடையில்லாச் சான்றும், எச்பி நீக்குவதற்கான 35ஆம் எண் படிவமும் உரிமையாளர் பெயருக்குத்தான் வரும் என்பதால், அவை உங்கள் கைக்கு எப்படி வந்துசேரும் என்பதைப் பணம் கட்டும் முன்பே பேசிவிட வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியாளர்: ஆர்டிஓவின் என்ஓசி (வண்டியை வேறு மாநிலப் பதிவுக்கு மாற்றத் தடையில்லை என்ற சான்று) வர ஒரு மாதம் ஆகும், ஆனால் பணம் முழுவதும் இப்போதே வேண்டும் என்கிறார் டீலர். முழுப் பணமும் கொடுக்காமல் வண்டியையும் தரமாட்டாராம். இதில் யார் பக்கம் நியாயம்?

இரண்டு பக்கமும் இருக்கிறது. பாக்கி வைத்துவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போகும் வண்டியை எந்த வியாபாரியும் நிம்மதியாக அனுப்பமாட்டார். உங்களுக்கோ, 28ஆம் எண் படிவத்தில் என்ஓசி இல்லாமல் அந்தக் கார் தமிழ்நாட்டில் உங்கள் பெயருக்கு மாறாது. பணம் முழுவதும் போனபிறகு என்ஓசிக்காக டீலரை அழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு முன் முதல் மணியிலேயே எடுத்தவர் எவ்வளவு மாறிவிட்டார் என்று.

முதலில், வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, பழைய வண்டி விற்கும் டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டியை உரிமையாளர் டீலரிடம் ஒப்படைக்கும்போது 29சி படிவத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்த வண்டிக்கு டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். என்ஓசிக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். இவை இரண்டையும் காட்டும் டீலரிடம் உங்கள் பணத்துக்கு இருக்கும் பாதுகாப்பு, பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட, பெயர் மாற்றத்துக்கான வெற்று 29, 30 படிவங்களை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டுபவரிடம் இல்லை. இரண்டாம் வகை டீலரிடம் வாங்குவதென்றால் உரிமையாளரை நேரிலோ வீடியோவிலோ பார்த்துப் பேசாமல் பாக்கியைக் கட்டாதீர்கள். இணையவழி விண்ணப்பத்துக்கான ஓடிபி அவருடைய கைபேசிக்கே வரும். அவர் வெளிநாடு போய்விட்டால் உங்கள் காரும் அங்கேயே நிற்கும்.

தொகையை நான் பிரிக்கும் முறை இது. 5,40,000 ரூபாய் காருக்கு டோக்கன் 10,000. நேரில் பார்த்து ஓட்டிப் பார்த்தபின், என்ஓசிக்கு விண்ணப்பித்த ரசீதை வாங்கிக்கொண்டு 1,00,000. என்ஓசி வந்து, அதில் நம் ஊர் ஆர்டிஓ அலுவலகத்தின் பெயர் சரியாக இருக்கிறதா என்றும், அரசின் வாகன் இணையதளத்தில் என்ஓசி வழங்கப்பட்டதாகக் காட்டுகிறதா என்றும் பார்த்தபின் மீதி முழுவதும். அன்றே வண்டியும் கையில். இதற்காக இரண்டு முறை பயணம் செய்ய வேண்டியிருக்கும். டிக்கெட் செலவைப் பார்த்து இந்த இடத்தில் சிக்கனம் பிடிப்பவர்கள்தான் பிறகு எனக்கு எழுதுகிறார்கள்.

ஒரே பயணத்தில் வண்டியை எடுத்தே தீர வேண்டும் என்றால், 40,000 அல்லது 50,000 ரூபாயை நிறுத்திவைத்து, அதற்குப் பின்தேதியிட்ட கோடிட்ட காசோலையைக் கடையின் பெயரில் கொடுங்கள். எந்த என்ஓசி வந்தால் அதை வங்கியில் போடலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். காசோலை திரும்பினால் உங்கள் மீது வழக்குப் போடலாம் என்பது டீலருக்குத் தெரியும் என்பதால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். சொன்னபடி என்ஓசி வந்தால் அந்தப் பணம் கணக்கில் இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

நமது ஆர்டிஓவில் கட்ட வேண்டிய ஆயுட்கால வரியைத் தனியாக எடுத்து வையுங்கள். அதை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு "எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்னும் வெளிமாநில டீலரிடம் கொடுக்கத் தேவையில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ராணுவ அதிகாரி ஒருவர் இடமாற்றம் ஆவதால் தன் காரை ஒரு டீலர் மூலம் 1,80,000க்குத் தருவதாக இணையத்தில் விளம்பரம் பார்த்தோம். ராணுவ வண்டியிலேயே வீட்டுக்கு வந்துவிடுமாம். போக்குவரத்துக்கு 8,500 மட்டும் முன்னதாகக் கட்டச் சொல்கிறார்கள்.

அப்படி ஒரு கார் இல்லை. சீருடைப் படமும் அடையாள அட்டையும் வேறொருவருடையவையாக இருக்கும். 8,500 கட்டினால் அடுத்து காப்பீட்டுக்கு, அதற்கடுத்து சோதனைச் சாவடிக்கு என்று கேட்டுக்கொண்டே போவார்கள். அந்த எண்ணோடு பேசுவதை நிறுத்திவிடுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: பேசி முடித்த விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று 90,000 ரூபாய் கேட்கிறார்கள். சரியா?

18 சதவீதம் என்பது சரி. எதன் மீது என்பதில்தான் விளையாட்டு. டீலர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தின் மீதுதான் அது கணக்கிடப்படும். ஐந்து லட்சம் ரூபாய் காருக்கு 90,000 கேட்டால் முழு விலைக்கும் போட்டிருக்கிறார் என்று பொருள். எல்லா வரியும் சேர்த்து என்ன விலை என்பதை டோக்கன் ரசீதிலேயே எழுதி வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

விருதுநகரிலிருந்து ஒருவர்: 85,000 ரூபாய் அனுப்பிவிட்டோம். மூன்று நாளாக அழைப்பை எடுப்பதில்லை. இனி என்ன செய்வது?

இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் இணைய நிதி மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் அது வேறு கணக்குகளுக்குச் சிதறும் நேரம். பணம் அனுப்பிய யூடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனைக்கு வங்கி தரும் அடையாள எண்), தேதி, நேரம், பெறுநரின் கணக்கு எண் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அதே விவரங்களோடு உங்கள் வங்கிக் கிளைக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல் ஏற்றுமதி செய்து வையுங்கள்; அவர்மீது கோபத்தில் அந்த எண்ணை முடக்கிவிடவும் வேண்டாம்.

ஒருவேளை அவர் உண்மையான கடைக்காரராகவே இருந்து, வண்டியைத் தராமல் பணத்தையும் திருப்பாமல் இழுத்தடிக்கிறார் என்றால், அது வேறு வழி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வழக்குக்காக டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. முதலில் பதினைந்து நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். அறிவிப்பை ஜிஎஸ்டி பதிவில் உள்ள விலாசத்துக்கும் பெயருக்குமே அனுப்புங்கள். உங்களிடம் உள்ள ரசீதில் இருப்பதும் அதே பெயர்தானா என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தை அதை வைத்துத்தான் எழுத வேண்டும்.