அம்மை வெளிப்பட எத்தனை நாள்?

கேள்வி: எங்கள் வீட்டுத் திருமணத்துக்கு ஒரே ஒரு நாள் வந்து திரும்பிய உறவினருக்கு மறுநாளே சின்னம்மை கண்டது. வளவில் அவருடன் இருந்த பிள்ளைகள் மூவருக்குத் திருமணத்திலிருந்து 13, 15, 18ஆம் நாள்களில் அம்மை போட்டது. நோய் வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும் என்றார் மருத்துவர். கிருமி நுழைவதை எவரும் பார்ப்பதில்லையே, இந்தக் கணக்கு எப்படி வந்தது?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தங்கள் வீட்டில் நடந்ததைப் போன்ற நிகழ்ச்சிகளிலிருந்துதான் வந்தது. உறவினர் ஒரு நாள் மட்டுமே தங்கியதால் தொற்றிய நாள் ஐயமின்றித் தெரிகிறது. கொப்புளம் கண்ட நாளிலிருந்து அதைக் கழித்தால் ஒவ்வொரு பிள்ளையின் நோயரும்பு காலமும் கிடைத்துவிடும். யார் வந்தார்கள் என்பதற்கு மொய் ஏடே சான்றாகும் திருமண வீடு, ஆய்வாளருக்கு அரிய வாய்ப்பு. 1846இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மையை ஆராய்ந்த டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் (Panum) என்பவரும், ஒதுங்கிக் கிடந்த ஊர்களில் நோயாளி வந்த நாளையும் பிறருக்குத் தடிப்பு கண்ட நாளையும் ஒப்பிட்டே, இடைவெளி 13 அல்லது 14 நாள் என்று கண்டார்.

உறவினர் ஒரு வாரம் தங்கியிருந்தால் எந்த நாளில் தொற்றியது என்று சொல்ல முடியாது. அப்போது 'இந்த நாளுக்கு முன்பு இல்லை, அந்த நாளுக்குப் பின்பு இல்லை' என்ற எல்லைகளை மட்டும் குறித்துக்கொண்டு, பல நோயாளிகளின் எல்லைகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் பரவலை, அதாவது எத்தனை நாளில் எத்தனை பேருக்கு நோய் வெளிப்படும் என்ற பங்கீட்டை, புள்ளியியல் முறையில் தேடுகிறார்கள். 2020இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், சீனாவின் ஹூபே மாகாணத்துக்கு வெளியே கண்டறியப்பட்ட 181 கொரோனா நோயாளிகளை இவ்வாறு ஆராய்ந்து, நடுமதிப்பு (பாதிப் பேருக்கு நோய் வெளிப்பட்டுவிடும் காலம்) ஏறத்தாழ 5 நாள் என்றும், அறிகுறி காண்பவர்களில் 97.5 விழுக்காட்டினருக்கு 11.5 நாளுக்குள் அது வெளிப்படும் என்றும் மதிப்பிட்டார்கள். இந்தப் பரவல் இருபுறமும் சமமாக இருப்பதில்லை. பெரும்பாலோர் முன்பகுதியில் நெருங்கியிருக்க, சிலர் வெகுநாள் பின்தங்குவார்கள். எத்தனை நாள் தனித்திருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது அந்தப் பின்தங்கும் சிலரே என்பதால், சராசரியை மட்டும் நம்புவது ஆபத்தானது. நோய் வேகமாகப் பரவும் வேளையில் இன்னொரு பிழையும் நேரும்: விரைவில் நோயுற்றவர்கள் மட்டுமே அதுவரை கணக்கில் வந்திருப்பார்கள், அதைத் திருத்தாவிட்டால் காலம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும்.

சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும். ஆகவே தங்கள் முதல் பிள்ளை 11ஆம் நாளிலிருந்தே பிறருக்குத் தொற்றவைத்திருக்கலாம்; ஆனால் 18ஆம் நாளுக்கு அதிலிருந்து 7 நாள் இடைவெளியே இருப்பதால், மூன்றாம் பிள்ளைக்கும் தொற்று உறவினரிடமிருந்தே வந்திருக்க வேண்டும். வீட்டில் இதுவரை அம்மை காணாதவர்களும் தடுப்பூசி போடாதவர்களும் இருந்தால், திருமண நாளிலிருந்து எண்ணாமல், இந்தப் பிள்ளைகளுடன் கடைசியாகப் பழகிய நாளிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். அவர்களில் கருவுற்ற பெண் எவரேனும் இருப்பின் எண்ணிக்கொண்டு காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.