தொகுதியே காணாமல் போனால் எம்எல்ஏ என்ன செய்வார்?

தொகுதி எல்லைகளை மாற்றி வரையும் மறுசீரமைப்பு வந்தவுடனே பதவி போய்விடாது. 2008-இல் மொரப்பூர், காவேரிப்பட்டணம் தொகுதிகள் நீக்கப்பட்டாலும் 2006-இல் அங்கே ஜெயித்தவர்கள் 2011 வரை எம்எல்ஏதான். தலைவலி அடுத்த தேர்தலில்தான். சட்டப்படி 25 வயது நிரம்பிய தமிழ்நாட்டு வாக்காளர் யாரும் மாநிலத்தின் எந்தப் பொதுத்தொகுதியிலும் நிற்கலாம், ஆனால் பக்கத்துத் தொகுதிக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஒருவர் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பார், ஊர் ஊராகக் கல்யாணம், காதுகுத்து என்று போய்ச் சேர்த்த பழக்கமெல்லாம் பழைய எல்லையோடு நின்றுவிடும், அப்புறம் சீட்டுக்குத் தலைமையைத்தான் நம்ப வேண்டும். அதிமுக சார்பில் ஜெயித்த கே.பி.முனுசாமியைப் பாருங்கள்: 2001-இல் காவேரிப்பட்டணம், 2011-இல் கிருஷ்ணகிரி, 2021-இல் வேப்பனஹள்ளி. வேப்பனஹள்ளியே 2008-இல் புதிதாக வந்த தொகுதி! கட்சியில் செல்வாக்கு இருந்ததால் சமாளித்தார். பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாக மாறிவிட்டால், அந்தப் பிரிவைச் சேராத எம்எல்ஏ கிளம்ப வேண்டியதுதான்.