கைரோபிராக்டரிடம் போனால் எதற்காக முதலில் மசாஜுக்கு அனுப்புகிறார்கள்?

நாரி (கீழ்முதுகு) நோவுக்காகக் கைரோபிராக்டரிடம் போன தம்பி ஒருவர், முதுகெலும்பை நெட்டி முறித்துச் சரிசெய்வார் என்று நம்பிப் போன தன்னை முதலில் அரை மணித்தியாலம் மசாஜுக்கு அனுப்பினார்கள் என்றும், இது சிகிச்சையா, காப்புறுதிப் பணத்தைக் கறக்கும் வழியா என்றும் கேட்டிருக்கிறார். நீங்களும் என்னைப்போலக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வேலைத்தலத்துக் காப்புறுதியோடு இருப்பவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல; ஸ்காபுறோவில் ஒரு பொதியிடும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் நின்றபடியே வேலை செய்தவள். என் நாரி கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் நான் போன இடத்தில் மசாஜ் என்ற பேச்சே இருக்கவில்லை. வாரத்துக்கு மூன்று முறையாக இருபத்துநான்கு தடவைக்கு முற்பணம் வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் நாலைந்து நிமிடம், ‘டக்’ என்று ஒரு சத்தம், எழுந்து போகலாம். அன்று மாலை உடம்பு லேசாக இருக்கும். மறுநாள் விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது நாரி பழையபடி பலகைபோல இறுகியிருக்கும். அந்தச் சத்தத்தை எலும்பு தன் இடத்துக்குத் திரும்பும் சத்தம் என்றே இரண்டு மாதமும் நினைத்திருந்தேன். அது மூட்டுக்குள் இருக்கும் நீரில் வாயுக் குமிழி உண்டாகும்போது எழுவது என்று பிறகுதான் அறிந்தேன்.

இரண்டாவதாகப் போன இடத்தின் கைரோபிராக்டர் என் முதுகில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “இந்தத் தசைகள் இப்படி இறுகியிருக்கும்போது நான் மூட்டை அசைத்தால் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டிவரும், அம்மா” என்று சொல்லி, அடுத்த அறையில் இருந்த பதிவுபெற்ற மசாஜ் தெரபிஸ்டிடம் அனுப்பினார். மசாஜ் என்றால் பணக்காரரின் சொகுசு என்று அன்றிரவு என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் சனத்தில் பலருக்கு அந்தச் சொல்லே கூச்சம் தருவது. ஆனால் ஊரில் முறிவு நெரிவு பார்த்த பரியாரியார் எண்ணெய் போட்டு நீவிவிட்டபோது ஒருவரும் அதைச் சொகுசு என்று சொன்னதில்லை.

அந்த மசாஜ் தெரபிஸ்ட் ஒரு பெண். அவர் பிட்டப் பகுதியில் கை வைப்பதற்கு முன் காரணத்தை விளக்கி, எழுத்தில் என் சம்மதத்தை வாங்கினார். தொட வேண்டிய இடத்தைத் தவிர உடம்பு முழுவதும் துணியால் மூடியிருந்தது. குப்புறப் படுத்திருந்த எனக்குக் கட்டிலின் முகத்துளை வழியாக அவருடைய சப்பாத்து மட்டுமே தெரிந்தது. வலது பிட்டத்தின் ஆழத்தில், பிரிஃபார்மிஸ் என்று அவர் சொன்ன தசையில், பெருவிரலை ஊன்றியதும் கெண்டைக்கால் வரைக்கும் மின்னல்போல ஒரு நோ ஓடியது. எத்தனையோ மாதமாக முதுகெலும்பின் தட்டு விலகிவிட்டது என்று பயந்துகொண்டிருந்தேனே, அதே நோ! அவர் தேய்க்கவில்லை; அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மூச்சை மெதுவாக விடச் சொல்லி, பத்துக்கு எத்தனை நோகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு என்றேன், ஆறு என்றேன், பிறகு மூன்று என்றேன். இறுகிப்போன மா கைச்சூட்டில் இளகுவதுபோல அந்த இடம் அவருடைய விரலுக்குக் கீழே இளகியதை நானே உணர்ந்தேன். அதற்குப் பிறகு கைரோபிராக்டர் என்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அசைத்தபோது முன்பு பட்ட பலத்தில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

எனக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நோவுள்ள மூட்டைக் காப்பதற்காகச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகுவதும், அந்த இறுக்கமே பிறகு தனி நோவாக மாறுவதும் பலருக்கு நடப்பதுதான். எண்ணெய் வியாபாரம் செய்கிறேனா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அமெரிக்க வைத்தியர் கல்லூரி என்ற வைத்தியர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த நாரி நோவுக்கு மருந்துக்கு முன் செய்யக்கூடியவற்றில் சூட்டையும் மசாஜையும் முதுகெலும்பு அசைவுச் சிகிச்சையையும் சேர்த்தே சொல்கிறது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2016இல் சொன்னது இன்னும் கறாரானது: கைச்சிகிச்சை எதுவானாலும் உடற்பயிற்சியோடு சேர்ந்தே தரப்பட வேண்டும். என் தெரபிஸ்டும் வீட்டில் செய்ய இரண்டு நீட்டற்பயிற்சிகள் தந்தார். அவற்றைச் செய்யாத வாரங்களில் மசாஜின் பலன் மூன்று நாளைக்கு மேல் நின்றதில்லை.

ஒரு இடத்தில் மசாஜ் உண்டு, இன்னொரு இடத்தில் இல்லை என்பதற்கும் பழைய காரணம் உண்டு. கைரோபிராக்டிக்கைத் தொடங்கிய டானியல் டேவிட் பாமர் எங்கள் ஸ்காபுறோவுக்குப் பக்கத்துப் பிக்கறிங்கில் 1845இல் பிறந்தவர். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் அதைத் தொடங்கினார். அடுத்த சில வருடங்களிலேயே அவர் வழிவந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்: முதுகெலும்பை மட்டுமே தொடுவோம் என்ற ‘ஸ்ட்ரெய்ட்’ பிரிவினர், மசாஜ், சூடு, உடற்பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்ட ‘மிக்ஸர்’ பிரிவினர். என் முதல் இடமும் இரண்டாவது இடமும் அந்தப் பிளவின் இரு கரைகளில் இருந்தன என்றே நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. 2004இல் மாகாண அரசு கைரோபிராக்டிக் செலவைத் தன் பொது மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பிலிருந்து நீக்கிய பிறகு எல்லாம் எங்கள் சட்டைப்பையிலிருந்தோ காப்புறுதியிலிருந்தோதான் போகிறது. அதிலும் கைரோபிராக்டரின் கட்டணத்துக்கு வரி இல்லை. சட்டத்தால் முறைப்படுத்தப்பட்ட தொழிலாக இருந்தும் மசாஜ் சிகிச்சைக்கு 13 வீத விற்பனை வரி (எச்.எஸ்.ரி.) கட்ட வேண்டும். இரண்டு அறைகள், ஒரே நோ, ஒன்றுக்கு மட்டும் வரி. இந்த அநீதி ஒவ்வொரு பற்றுச்சீட்டைப் பார்க்கும்போதும் என்னைச் சுடுகிறது.

ஆகையால் அடுத்த முறை போகும்போது, உங்களைத் தொடுகிறவர் உண்மையிலேயே பதிவுபெற்றவரா என்று இந்தத் தொழிலை முறைப்படுத்தும் அமைப்பான ஒன்ராறியோ மசாஜ் தெரபிஸ்டுகள் கல்லூரியின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். உதவியாளர் ஒருவர் பத்து நிமிடம் இயந்திரத்தால் உருட்டிவிட்டு, பற்றுச்சீட்டில் வேறொருவரின் பதிவிலக்கம் இருந்தால் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். காலிடுக்கு உணர்ச்சியில்லாமல் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாத நிலை வந்தாலோ இந்த இரண்டு அறைகளுக்கும் போகாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால், அந்த அரை மணித்தியாலத்தை மறுக்காமல் படுத்துப் பாருங்கள், தம்பி. எனக்கு வாரம் ஒருமுறையில் தொடங்கி, நான்கு மாதத்தில் ஆறு வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது. குறைக்கலாம் என்று முதலில் சொன்னவரும் அந்தத் தெரபிஸ்ட்தான்.