எங்கள் கால்பந்து அணியை முதலாளி வேறு ஊருக்குக் கொண்டு போகிறார். ரசிகர்கள் பிரிந்து சொந்தமாக ஒரு கிளப் தொடங்கலாமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்து போக என்னால் முடியவில்லை. எந்த ஊர், எந்த அணி என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் உங்கள் கூட்டத்தில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். சிலர் இன்னும் ஒரு முறையீடு செய்து பார்க்கலாம் என்பார்கள். சிலர் புதுக் கிளப்புக்குப் பெயர் யோசிக்க ஆரம்பித்திருப்பார்கள். இன்னும் சிலர் எதுவும் பேசாமல் அடுத்த ஆண்டுக்கான சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்திருப்பார்கள். நான் முக்கியமாகப் பேச நினைப்பது அந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றி.

முதலில் நேரடியான பதில்: தொடங்கலாம். அப்படித் தொடங்கி நிலைத்து நிற்கும் ஒரு கிளப்பில் நான் 2002 முதல் உறுப்பினர். லண்டனின் ஏ.எஃப்.சி. விம்பிள்டன். நிறுவனர் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். முதல் கோடையில் சந்தா கட்டியவர்களில் ஒருவன், கொஞ்ச காலம் வாசலில் நின்று வேலை பார்த்தவன், அவ்வளவுதான்.

வேலைக்காக லண்டன் வந்தபோது எனக்குக் கால்பந்து தெரியாது. கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர்தான் சனிக்கிழமைகளில் என்னைப் பழைய விம்பிள்டன் கிளப்பின் ஆட்டங்களுக்குக் கூட்டிப் போனார். 1977 வரை நாடு தழுவிய முக்கிய லீக்கிலேயே (ஃபுட்பால் லீக்) இடமில்லாத கிளப் அது. 1988-ல் நாட்டின் பெரிய நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தில் லிவர்பூலை 1-0 என்று வென்றது. லாரி சான்செஸ் தலையால் முட்டிய கோல், லிவர்பூலின் ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை எங்கள் கோல்கீப்பர் டேவ் பெசன்ட் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டது எல்லாவற்றையும் அண்ணன் கையை வீசி நடித்தே காட்டுவார். வேலைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே எத்தனை முறை அதைக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

நான் வந்து சேர்ந்தபோதே கிளப்புக்குச் சொந்த வீடு இல்லை. ப்ளவ் லேன் மைதானத்தை 1991-லேயே விட்டுவிட்டு, செல்ஹர்ஸ்ட் பார்க்கில் கிரிஸ்டல் பேலஸ் கிளப்போடு ஒட்டுக்குடித்தனம். சொந்த ஊரில் இடம் கிடைக்கவே இல்லை. 2001 ஆகஸ்டில், கிளப்பை வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார்கள். லீக் நிர்வாகம் மறுத்தது. விவகாரம் சுற்றிச் சுற்றி மூன்று பேர் கொண்ட ஆணையத்திடம் போனது. 2002 மே 28 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் அடியிலிருந்து ஒரு கிளப்பை மறுபடி எழுப்புவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று அந்தத் தீர்ப்பில் எழுதியிருந்தது. அதைப் படித்தபோது வயிறு எரிந்தது. இப்போது தட்டச்சு செய்யும்போதும் எரிகிறது.

இரண்டே நாளில் ரசிகர்கள் கூட்டம். இன்னும் போராடலாமா என்ற பேச்சு வந்தபோது, பின்னாளில் புதுக் கிளப்பின் முதல் தலைவரான கிறிஸ் ஸ்டூவர்ட், சண்டை போட்டது போதும், எனக்குக் கால்பந்து பார்க்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அதோடு முடிவாகிவிட்டது. ஜூன் 29 அன்று விம்பிள்டன் காமன் புல்வெளியில் வீரர் தேர்வு வைத்தார்கள், 230 பேர் வந்தார்கள். ஜூலை 10-ல் முதல் நட்பு ஆட்டம், சட்டன் யுனைடெட்டிடம் 4-0 தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். நான்கு கோல் வாங்கிய பிறகும் யாரும் கிளம்பவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் புது ஸ்கார்ஃபை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டே நின்றிருந்தார், கழுத்தில் போடவே இல்லை. ஆகஸ்டில் கம்பைன்ட் கவுன்டீஸ் லீக் என்ற கீழ்மட்ட வட்டார லீக்கில் முதல் ஆட்டம், சாண்ட்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில். 2-1 வெற்றி. அந்த மைதானத்தில் 2,449 பேர் நெருக்கியடித்து நின்று பார்த்தோம்.

எதற்கும் அண்ணன் வரவில்லை. "நான் வரேல்ல தம்பி. பெடியள் இன்னும் அங்கதானே விளையாடுறாங்கள். அவங்களை விட்டிட்டு எப்பிடி வாறது?" என்றார். பழைய கிளப் உடனே ஊர் மாறிவிடவில்லை. மில்டன் கீன்ஸில் இடம் தயாராகும்வரை செல்ஹர்ஸ்ட் பார்க்கிலேயே இன்னொரு சீசன் ஆடியது. அதற்கும் அண்ணன் டிக்கெட் எடுத்தார்.

அந்த அக்டோபரில் ரோதர்ஹாமோடு ஓர் ஆட்டம். பழைய கிளப்பின் எண்ணிக்கை 849. இருபத்தாறாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானத்தில் 849 பேர். அடுத்த நாள் எங்கள் பக்கம் எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்கும்தான். வேலைக்குப் போய், நாலு பேர் இருக்கும்போதே, "நேத்து எத்தனை பேர் அண்ணே? ஒவ்வொருத்தரா எண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். மூடியின் ஒரு பக்கக் கொக்கி மாட்டவில்லை. அதை அழுத்திக்கொண்டே இருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அதோடு விட்டிருக்கலாம். "துரோகம் பண்றவங்களுக்குக் கிளப் எதுக்கு" என்று ஒன்று சொன்னேன். அடுத்த மாதம் வேறு ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

பத்து வருடம் பேசவில்லை.

அந்தப் பத்து வருடத்தில் எங்களுக்கு நடந்ததெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் சீசனில் 111 புள்ளி எடுத்தும் மூன்றாமிடம், மேலே ஏற முடியவில்லை. அப்புறம் 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லை. 2011-ல் மேல் லீக்குக்கு ஏறுவதற்கான இறுதியாட்டம் மான்செஸ்டரில் லூட்டன் டவுனோடு கோல் இல்லாமல் முடிந்து பெனால்டி, கடைசிப் பந்தை டேனி கெட்வெல் உள்ளே அடித்தார். ஒன்பது ஆண்டில் ஐந்தாவது ஏற்றம், மறுபடி முக்கிய லீக். அந்த ராத்திரி எனக்கு முதலில் போன் பண்ணத் தோன்றிய ஆள் அண்ணன்தான். பண்ணவில்லை.

இதையெல்லாம் படித்து உற்சாகமாகிவிடாதீர்கள். நான் சொன்னது ஆட்டங்களைப் பற்றி. ஆட்டத்துக்கு வெளியே நடக்கும் வேலையைத்தான் நீங்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நான் இரண்டு சீசன் வாசலில் நிகழ்ச்சிப் புத்தகம் விற்றேன். செவ்வாய் இரவு ஆட்டம், ஜனவரி மழை, புத்தகக் கட்டின் மேல் நாலைந்து ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்துக் கொடுக்கக் கையுறையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் சில்லறை விரலில் நிற்காது. முதல் பாதி முடியும்போதுதான் உள்ளே போக முடியும். கோல் விழுந்தால் சத்தத்தை வைத்து யார் அடித்தது என்று ஊகிப்போம். உடை துவைக்க ஒருவர், கொடி நட ஒருவர், பந்து பொறுக்க ஒருவர் என்று எல்லாமே சம்பளம் இல்லாத வேலைதான். கோபத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். மூன்றாவது ஜனவரியில் வாசலில் நிற்க எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

        அப்படி நிற்பவர்களின் பெயரை உங்கள் கிளப்பில் எழுதி வையுங்கள்.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். 2012 டிசம்பர் 2. எஃப்.ஏ. கோப்பையில் முதல் முறையாக எங்களுக்கும் மில்டன் கீன்ஸுக்கும் ஆட்டம், அவர்கள் மைதானத்தில். எங்களில் பலர் போக மாட்டோம் என்று முடிவெடுத்தோம். நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். 1-1 என்று கடைசி நிமிடம் வரை போய், ஆட்டத்தின் முடிவில் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் மில்டன் கீன்ஸ் வீரர் ஓட்செமோபர் குதிகாலால் பின்பக்கமாகத் தட்டிய பந்து உள்ளே போய்விட்டது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"பாத்தனியே தம்பி?"

"பார்த்தேன் அண்ணே."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பின்னணியில் அவர் வீட்டுத் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது. அப்புறம் அவரே சொன்னார். 2003 செப்டம்பரில் பழைய கிளப் மில்டன் கீன்ஸுக்குப் போன நாளோடு அவரும் நிறுத்திவிட்டார். ஒரு ஆட்டத்துக்குக்கூட அங்கே போகவில்லை. புதுக் கிளப்பின் ஆட்டத்துக்கு வர இரண்டு முறை எங்கள் அப்போதைய மைதானமான கிங்ஸ்மெடோவின் வாசல் வரை வந்திருக்கிறார். வாசலில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். "அந்த 849-ல ஒராள் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே" என்றார்.

ஒன்பது வருட ஆட்டங்களை அவர் பார்க்காமல் போனதற்குக் காரணம் மில்டன் கீன்ஸ் அல்ல, முதலாளி அல்ல, நான். கடைசிவரை வீரர்களோடு இருந்துவிட்டுப் போனவர் என்று அவரைப் பற்றி எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். உங்கள் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் டிக்கெட்டைப் புதுப்பித்ததை வைத்து எதுவும் சொல்லிவிடாதீர்கள். அவருடைய பெயரையும் சேர்த்தே உறுப்பினர் பட்டியலைத் தயார் செய்யுங்கள், வரும்போது வரட்டும்.

இதைப் படித்துவிட்டு "மில்டன் கீன்ஸ் ரசிகர்கள் மனிதர்கள் இல்லையா" என்று யாராவது கேட்பீர்கள். எனக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் மேல் கோபமே இல்லை. ஊர் மாற்றியவர்கள் மேல் உண்டு, அது போகாது. "கிங்ஸ்டோனியனுக்கு நீங்கள் செய்தது என்ன" என்று கேட்பவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி. கிங்ஸ்டோனியன் ஒரு சிறிய உள்ளூர்க் கிளப், கிங்ஸ்மெடோ முதலில் அவர்கள் மைதானம். அவர்கள் அதை எங்களிடம் இழக்கவில்லை, அதற்கு முன்பே கைமாறியிருந்தது. ஆனாலும் சொந்த மைதானம் கட்ட நாங்கள் அதை செல்சீ கிளப்புக்கு விற்ற பிறகு, 2017-ல் அவர்கள் வெளியே போக வேண்டியதாயிற்று. வீடு இழந்த வலி தெரிந்த எங்களுக்கு அது உறுத்தத்தான் வேண்டும், எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு விஷயம். பிரிவது ஒன்றே வழி என்று நினைக்காதீர்கள். லண்டனின் சார்ல்டன் கிளப் ரசிகர்கள் ‘தி வேலி’ (The Valley) என்ற தங்கள் பழைய மைதானத்துக்காக 1990-ல் உள்ளாட்சித் தேர்தலில் தனிக் கட்சியாக நின்று 14,838 வாக்கு வாங்கினார்கள், 1992-ல் மைதானத்துக்குத் திரும்பினார்கள். பிரைட்டன் கிளப் இரண்டு ஆண்டு 110 கிலோமீட்டர் தள்ளி கில்லிங்ஹாமில் ஆடிவிட்டு ஊருக்கு வந்தது. திரும்பி வர ஒரு வழி திறந்திருந்தால் அந்தச் சண்டையைப் போடுங்கள். முதலாளி அனுமதியே வாங்கிவிட்டார் என்றால், அங்கே செலவழிக்கும் ஒவ்வொரு மாதமும் புதுக் கிளப்புக்கு நஷ்டம். தென்கொரியாவின் அன்யாங் நகரத்தில் 2004-ல் அணி சியோலுக்குப் போனது, ஊருக்குப் புது அணி வந்தது 2013-ல்தான். இடையில் ஒன்பது ஆண்டு. அவர்கள் 2024-ல் இரண்டாம் லீக்கை வென்று மேலே வந்துவிட்டார்கள் என்பது வேறு, ஆனால் ஒன்பது ஆண்டில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் வேறு அணிக்குப் போயிருப்பார்கள். எங்களுக்கு அது நடக்காததற்குக் காரணம், தீர்ப்பு வந்த மூன்றாவது மாதமே ஆட ஆரம்பித்ததுதான்.

உரிமையை முதல் நாளே எழுதிவிடுங்கள், ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு, எவ்வளவு பணம் போட்டாலும். எங்களிடமும் 2019-ல் மைதானச் செலவு எகிறியபோது வெளி முதலீட்டாளர்களுக்குப் பங்கு கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தது. ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கி ஐம்பது லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் காப்பாற்றினார்கள். எழுதி வைத்த விதி இல்லாமல் அது நடந்திருக்காது.

2020 நவம்பரில் ப்ளவ் லேன் திரும்பினோம். கொரோனா, உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை. பிறகு ரசிகர்களை அனுமதித்த முதல் சீசனில் அண்ணனோடு போனேன். அவர் நேராக மைதானத்துக்கு வரவில்லை. பழைய மைதானம் இருந்த இடம் அங்கிருந்து சில நூறு அடிகள்தான், இப்போது அடுக்குமாடி வீடுகள். அங்கே போய் நின்று, கோல் கம்பம் எந்தப் பக்கம் இருந்தது, அவர் எங்கே நின்று பார்த்தார் என்று காட்டினார். ஒரு வீட்டின் பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. "அந்த இடம்தான்" என்றார்.

உங்கள் வட்டார லீக்கில் புது அணி சேர விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று நாளைக்கே போன் பண்ணிக் கேளுங்கள். மைதானம் வாடகைக்குக் கிடைக்குமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். அந்த இரண்டு பதிலும் வந்ததும் இங்கே எழுதுங்கள், சந்தாப் படிவமும் விதிமுறைகளும் எழுத உதவுகிறேன்.