சாவியைத் திருப்பினால் ‘டக்’, அவ்வளவுதான்: பழைய பிக்கப்பில் வந்து வந்து போகும் ஸ்டார்ட்டிங் கோளாறு

வாசகர் கேள்வி: ஆத்தங்குடியிலிருந்து டைல்ஸ் ஏற்றிப் போகும் 2006 மாடல் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சரக்கை இறக்கிவிட்டு அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வரும், இன்ஜின் சுற்றாது. நாலைந்து தடவை திருப்பினால் சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. செல்ப் மோட்டாரில் கார்பன் பிரஷ்ஷும் மாற்றியாயிற்று. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் அங்கே ஒழுங்காக எடுக்கிறது. இப்போது மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பேட்டரிக்கும் கார்பனுக்கும் ஏற்கெனவே பணம் போய்விட்டது. இரண்டுமே ஊகத்தில் மாற்றியவை. மூன்றாவதாக மோட்டாரையும் ஊகத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. தள்ளினால் உடனே பிடிக்கிறது என்றால் டீசல், பம்ப், நாசில், கம்ப்ரெஷன் எதிலும் குறை இல்லை. குறை இருப்பது பேட்டரியிலிருந்து, இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ப் மோட்டார் வரை கரண்ட் போகும் பாதையிலோ மோட்டாருக்குள்ளேயோதான். அடுத்தது, காலையில் எடுக்கிறது, ஓடி நின்ற பிறகு எடுக்கவில்லை. ஓடும்போது இருப்பதைவிட, நிறுத்திய பிறகு பத்து இருபது நிமிடம் பானட்டுக்குள் சூடு ஏறும். ஃபேனும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை, இன்ஜின் பிளாக்கின் அனல் அப்படியே செல்ப் மோட்டார் மேல் இறங்கும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். தாமிரக் கம்பி சூடாகச் சூடாக அதன் மின்தடையும் கூடும்: 50 டிகிரி ஏறினால் சுமார் 20 சதவீதம். குளிர்ந்திருக்கும்போது எப்படியோ சமாளித்த ஒரு பலவீனம் அந்தச் சூட்டில் வெளியே வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் வண்டி ஆறிப்போய் நிற்கிறது, அதனால்தான் அங்கே நல்ல பிள்ளையாக இருக்கிறது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் கேட்க வேண்டும். அந்த ‘டக்’ வரும் நேரத்தில் ஹெட்லைட் என்ன செய்கிறது? அடுத்த தடவை லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். லைட் துளியும் மங்காமல் நின்றால், பெரிய கரண்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை. லைட் செத்துப்போய்விட்டால், கரண்ட் இழுக்கப்படுகிறது, ஆனால் பேட்டரியோ அதன் டெர்மினலோ கொடுக்க முடியவில்லை, அல்லது மோட்டார் உள்ளே சிக்கியிருக்கிறது. ‘டகடகடக’ என்று அடித்தால் பெரும்பாலும் வோல்டேஜ் பற்றவில்லை. சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), சின்ன ஒயர் பக்கம் போக வேண்டும்.

ஒரே ‘டக்’, லைட் மங்கவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள் என்பது என் யூகம். அப்படியானால் என் முதல் சந்தேகம் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலனாய்டு என்ற மின்காந்த சுவிட்ச் மேல்தான். அது இரண்டு வேலை செய்கிறது: மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பெண்டிக்ஸைத் தள்ளி, இன்ஜினின் பெரிய சக்கரமான பிளைவீல் பல்லில் கோர்க்கிறது, உள்ளே ஒரு தாமிரத் தட்டை இரண்டு தாமிர போல்ட் மேல் அழுத்தி மோட்டாருக்குக் கரண்ட் விடுகிறது. நீங்கள் கேட்கும் ‘டக்’ அந்த இழுப்பின் சத்தம். பதினைந்து இருபது வருடம் தீப்பொறி பட்டுப் பட்டு அந்த போல்ட்டின் முகம் கரைந்து குழியாகிவிடும். தட்டு வந்து மோதும், ஆனால் ஒழுங்காக ஒட்டாது. ஒரு தடவை ஒட்டும், மறு தடவை ஒட்டாது. நாலைந்து தடவை திருப்பினால் எடுப்பதன் ரகசியம் பல நேரம் இதுதான்.

ஆனால் சந்தேகத்தை வைத்துக் கழற்றக் கூடாது. சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள். வண்டி மக்கர் செய்யும்போது பதறித் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பத்து நிமிடம்தான் கோளாறு உங்கள் கண்ணில் படும் நேரம். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப நீங்கள் அளக்க வேண்டும். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். இன்ஜின் திடீரென்று எடுத்துக்கொள்ளலாம் என்பதால் ஃபேன் பெல்ட் பக்கம் துண்டோ வேட்டி நுனியோ போகக் கூடாது.

முதலில் பேட்டரி. மீட்டர் முனையைக் கிளாம்ப்பில் வைக்காமல், நடுவில் இருக்கும் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. கோளாறு வந்த நேரத்தில் திருப்பியும் 12-க்கு மேலேயே நின்றால், பேட்டரியிடம் யாரும் கரண்ட் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் சோலனாய்டுக்கு வரும் சின்ன ஒயர். சாவியைத் திருப்பிய நிலையில் அங்கே பேட்டரி வோல்டேஜுக்கு ஒன்று ஒன்றரை வோல்ட் குறைவாக வந்தால் சரி. 8, 9 என்று இறங்கினால் சோலனாய்டு பாவம், அதற்கு இழுக்கும் வலு கிடைக்கவில்லை. சாவி சுவிட்ச்சின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கும், அல்லது நடுவில் ஒரு சாக்கெட் கருகியிருக்கும். இதற்கு ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து பியூஸோடு தடித்த ஒயர் நேராக இழுத்துவிட்டால் போதும். பழைய டீசல் வண்டிகளுக்கு நான் விரும்பிச் சொல்லும் வைத்தியம் இது. சாவி சுவிட்ச்சும் பல வருடம் உழைக்கும்.

மூன்றாவது, சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே. சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும். திருப்பியதும் அது கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். ‘டக்’ கேட்ட பிறகும் 12-லேயே நின்றால் குற்றவாளி அந்தத் தட்டும் போல்ட்டும்தான். சோலனாய்டு மட்டும் மாற்றினால் போதும், முழு மோட்டார் வேண்டாம். மூடியைத் திறக்க முடிகிற மாதிரியாக இருந்தால், விவரமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் போல்ட்டை அரைச்சுற்றுத் திருப்பித் தேயாத பக்கத்தை முன்னால் கொண்டுவந்துவிடுவார். இன்னும் சில வருடம் ஓடும்.

பூஜ்யத்துக்கு வந்தும் மோட்டார் சுற்றாவிட்டால் எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையைப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலிருந்து செல்ப் மோட்டாரின் உடம்புக்கு மீட்டரை வைத்துத் திருப்பினால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. டீசல் இன்ஜினைச் சுற்ற 300 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் ஒயரில் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். கண்ணுக்கு அந்த ஒயர் நன்றாகத்தான் தெரியும், லைட் எரியும், ஹாரன் அடிக்கும். எர்த் ரொம்பக் கெட்டுப்போன வண்டிகளில் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாதை தேடி, அந்தக் கேபிள் கொதிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் கவ்வவிட்டுத் திருப்புங்கள். எடுத்துக்கொண்டால் எர்த் ஒயர்தான்.

டெர்மினல் பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. காரைக்குடியில் 1953 முதல் பேட்டரியையும் துருவையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை வைத்துக்கொண்டு, செட்டிநாட்டு வண்டிகளில் பச்சைக் களிம்போடு டெர்மினல் இருப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். பித்தளை அண்டாவுக்குப் புளி போடுகிற மாதிரி இங்கே போட வேண்டாம். அது புளிப்பு, மிச்சம் நின்றால் மறுபடியும் அரிக்கும். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துக் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். எர்த் ஒயர் சேஸியில் பிடிக்கும் இடத்திலும் பெயின்ட்டையும் செம்மண்ணையும் சுரண்டிவிட்டுத்தான் முடுக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் மோட்டாரின் உள்ளே போக வேண்டும். கார்பன் மாற்றியவர், மோட்டாரின் தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷைப் பார்த்தாரா என்று கேளுங்கள். புஷ் தேய்ந்தால் உள்ளே சுற்றும் பாகமான ஆர்மேச்சர் சரிந்து உரசும், சூட்டில் இன்னும் மோசமாகும். அந்த நேரத்தில் லைட் நன்றாக மங்கும். அப்போதும் கம்யூட்டேட்டரை (கார்பன் உரசும் தாமிர உருளை) கடைந்து புஷ் போட்டால் பெரும்பாலும் தேறிவிடும். சந்தையில் கிடைக்கும் மலிவான புது மோட்டாரைவிட உங்கள் பழைய மோட்டாரின் உடம்பு கெட்டி.

அதுவரை தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் சமதரையில் தள்ளுங்கள். சரிவில் லோடோடு உருட்டிவிட வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு வேக்குவம் உதவி இருக்காது, மிதி கல் மாதிரி இருக்கும். செல்ப் மோட்டாரில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். மோட்டாருக்குப் போகும் அந்தத் தடித்த கேபிளுக்குப் பொதுவாக பியூஸ் கிடையாது.